வாண்டு வாய் திறக்கவில்லை

நாத்தனாரிடமிருந்து போன் வந்ததும் பல்லம்மா கையிலிருந்த துடைப்பத்தை நழுவ விட்டாள் என்ற இடத்தில் போன வாரம் அவளைத் தனியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், அதற்குள் அவள் துடைப்பத்தை எடுத்து வீடு முழுக்கப் பெருக்கி, பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கி, கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆயிற்று.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம். உள்ளே வந்து உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பல்லம்மா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. தலையணை அளவுக்கு ஒரு பொம்மைப் பல் செட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பல் தேய்த்துக் காட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கணவர் லிஃப்ட் மெக்கானிக். இவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதும் இல்லை.

அப்படி இருந்த வீட்டில்தான் கணவரின் தங்கை தன் நாலு வயது மகளைக் கொண்டுவந்து விட்டாள். அவளுக்குத் தொலைவில் ஓர் அச்சகத்தில் ஷிஃப்ட் வேலை, தங்குவது பெண்கள் விடுதி. குழந்தையின் அப்பா கப்பலில் இருக்கிறார், எப்போதாவதுதான் கரை ஏறுவார். "கொஞ்ச நாள் பாத்துக்கங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் கொஞ்ச நாளில் குழந்தைக்குச் சட்டையெல்லாம் சிறிதாகிவிட்டது. மாமாவாகிவிட்ட கணவர் அதற்கு வாண்டு என்று பெயர் வைக்க, அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது.

இப்போது நாத்தனார் வருகிறாள். "நேர்ல ஒரு விஷயம் பேசணும் அண்ணி" என்று மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் குழந்தையை இங்கேயே விட்டுவைக்கக் கேட்பாளா, அல்லது கூட்டிக்கொண்டு போய்விடுவாளா? இந்த ஒரு கேள்வியைத்தான் பல்லம்மா துடைப்பத்தோடு சேர்த்து வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிகிறாள். சாயங்கால பஸ்ஸில் பதில் வந்து இறங்கும்.

அதற்கு முன் காலையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு வாண்டு போகும் நர்சரியில் விடுமுறை. மருத்துவமனையிலோ தாய்மார்களுக்கு வகுப்பு எடுக்கிற நாள். "கூட்டிட்டு வாங்களேன், ஒரு ஓரமா படம் வரைஞ்சுட்டு இருக்கட்டும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் பல்லம்மா வாண்டுவை ஓரமாக உட்கார வைக்கவில்லை. நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்தாள். பெருமை யாரை விட்டது?

அவள் பெருமைப்பட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் மிட்டாய் கிடையாது. சாக்லேட் கிடையாது. பாட்டிலில் வரும் ஜூஸ் கிடையாது. காலையும் இரவும் பல்லம்மாவே வாண்டுவைத் தன் முன்னால் நிறுத்தி, தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிடுவாள். துப்ப வேண்டும், கொப்பளிக்கக் கூடாது, பேஸ்ட்டின் சத்து பல்லிலேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கண்டிப்பான சட்டமும் உண்டு. ராத்திரி பல் தேய்த்த பிறகு மருந்தைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு தடவை மாமா தெரியாத்தனமாக ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டு, வீட்டை விட்டே துரத்தப்படுகிற அளவுக்குப் பாட்டு வாங்கினார்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. பொம்மைப் பல்லைத் தேய்த்துக் காட்டினாள். பால் பல் விழுந்துவிடுகிற பல்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது, அது கெட்டுப்போனால் குழந்தை சாப்பிட முடியாது, தூங்க முடியாது, பின்னால் வருகிற பல்லுக்கும் வழி கோணலாகும் என்று சொன்னாள். தாய்மார்கள் தலையாட்டினார்கள்.

"இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது குழந்தையோட மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. முன் பல்லு ஈறோட சேர்ற இடத்துல சாக்பீஸால கோடு போட்ட மாதிரி வெள்ளையா தெரிஞ்சா, பல்லு கெட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் கட்டத்துலயே வந்துட்டீங்கன்னா நிறுத்திடலாம். பழுப்பாகி, ஓட்டை விழற வரைக்கும் காத்திருக்காதீங்க. இதோ பாருங்க, ஒரு நல்ல பல்லு எப்படி இருக்கும்னு."

சொல்லிக்கொண்டே, தன் முகத்தைத் தாய்மார்கள் பக்கம் வைத்தபடி, வாண்டுவின் மேல் உதட்டைக் கட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.

முன் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"நீங்க சொன்ன கோடு, அந்த மாதிரியா இருக்கும் சிஸ்டர்?"

பல்லம்மா திரும்பிப் பார்த்தாள்.

மேல் முன் பற்களில், ஈறை ஒட்டி, சாக்பீஸ் கோடு.

அந்தப் பெண் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. பாடத்தை ஒழுங்காகக் கவனித்தவள் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் பல்லம்மாவுக்குக் காதுமடல் சுட்டது. உதட்டை மெதுவாகக் கீழே விட்டாள். "ஆமாம்மா, அந்த மாதிரிதான் இருக்கும்" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. மிச்ச வகுப்பை எப்படி முடித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

எப்படித் தெரியாமல் போயிற்று? அதுவும் இவளுக்கு? வேடிக்கை என்னவென்றால், தினமும் இரண்டு தடவை அந்த வாயைப் பார்த்தவள்தான். ஆனால் பின்னால் நின்றுகொண்டு மேலேயிருந்து பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி. உதட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த இடத்தை அந்த மங்கலான குளியலறை விளக்கில் அவள் ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதைத் தன் வீட்டில் செய்ய அவளுக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் எங்கே வரப்போகிறது என்ற நினைப்புதான்.

டாக்டரம்மா வாண்டுவை நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"முன்னாடி கோடுதான், பயமில்ல. பின்னாடி ரெண்டு பல்லு இடுக்குல, ஒண்ணுல லேசா ஓட்டை ஆரம்பிக்குது. இனிப்பு ஏதாவது சாப்பிடறாளா?"

"வீட்டுக்குள்ளயே விடறதில்ல டாக்டர்."

"ராத்திரி பால்?"

"பல் தேய்க்கறதுக்கு முன்னாடியே குடிச்சிடுவா. தேய்ச்சப்புறம் மருந்தைத் தவிர ஒரு பொட்டு உள்ள போகாது."

சொல்லும்போது அவள் குரலில் பழைய கண்டிப்பு கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மருந்து?"

பல்லம்மா மருந்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். கேள்வி முடிவதற்குள்ளேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வாண்டுவுக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வரும். அதற்காகத் தினமும் ராத்திரி ஒரு மூடி சிரப். ஆரஞ்சு நிறம், ஆரஞ்சு வாசனை, பாகு மாதிரி இருக்கும். நாத்தனார் குழந்தையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன மருந்து. பல் தேய்த்து, படுக்கையில் போட்டு, போர்வையை இழுத்துவிட்ட பிறகு மாமா வருவார். "விமானம் வருது, வாயைத் திற" என்று மூடியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து இறக்குவார். வாண்டு கடைசிச் சொட்டு வரை நக்கிவிட்டு அப்படியே தூங்கிப்போகும். துப்பவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. ராத்திரி முழுக்க அந்தப் பாகு பல்லில்தான் இருந்திருக்கிறது, மாதக்கணக்காக. கடையில் விற்கிற எல்லா மிட்டாயையும் வாசலில் நிறுத்தி வைத்தவள், மருந்துக்கு மட்டும் கதவைத் தானே திறந்து வைத்திருந்தாள்.

"மருந்தை நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இளைப்புக்கு அது வேணும். பல் தேய்க்கறதுக்கு முன்னாடி கொடுத்துடுங்க, அவ்வளவுதான். சர்க்கரை இல்லாம அதே மருந்து கிடைக்குமான்னு அவளைப் பாக்கற டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னிக்கு ஃப்ளோரைடு பூச்சு போட்டு விடறேன். அடுத்த வாரம் அந்தச் சின்ன ஓட்டையை அடைச்சிடலாம். நேரத்துலதான் பாத்திருக்கோம். மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

பல்லம்மா கருவிகளைச் சுத்தம் செய்கிற அறைக்குப் போய், கொதிகலன் பக்கத்தில் நின்று நன்றாக அழுதாள். பல்லுக்காக மட்டும் அழவில்லை. இது தெரிந்தால் நாத்தனார் இன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்து அழுதாள். போனால் தப்பு சொல்லவும் முடியாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கணவருக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ ஓர் ஒன்பது மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட்டின் கூரை மேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் எண்ணெய்க் கேனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். நான்தானே தினமும் கொடுத்தேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? சட்டம் போட்டது நான்."

"விமானம் விட்டது நான்" என்றார். "இதப் பாரு, இன்னிக்கே தங்கச்சிகிட்ட சொல்லாத. இவ்வளவு தூரம் பஸ்ல வரா. சாப்பிட்டுத் தூங்கட்டும். அவ பேச வந்ததைப் பேசி முடிக்கட்டும். நாளைக்கு நிதானமா சொல்லிக்கலாம்."

பேசி முடிக்கட்டும் என்றால், குழந்தையை இங்கேயே விடுவதாக முதலில் அவள் வாயால் சொல்லிவிடட்டும் என்று அர்த்தம். அது இரண்டு பேருக்கும் தெரியும். பல்லம்மா சரி என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"வாண்டு, சாயங்காலம் அம்மா வருவாங்கல்ல? பல்லுல கோடு இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லக் கூடாது. பல்லைக் காட்டவும் கூடாது. சரியா?"

"ஏன்?"

"அம்மா கவலைப்படுவாங்க. நாளைக்கு நம்மளே சொல்லிக்கலாம்."

"கொஞ்சம் கூட காட்டக் கூடாதா?"

"கொஞ்சம் கூட."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு சாக்லேட்டை வாங்கிக் கொடுத்துக் காரியத்தை முடித்திருப்பார்கள். பல்லம்மாவுக்கு அந்த வசதியும் இல்லை. மாமாவின் லிஃப்ட்டில் ஒன்பதாவது மாடி வரை போய் வரலாம் என்று வாக்குக் கொடுத்தாள். வாண்டு மிகவும் பொறுப்பாகத் தலையாட்டியது.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

நாத்தனார் பையைக் கீழே கூட வைக்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் கழுவியும் போகாத அச்சு மையோடு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலிலேயே மண்டி போட்டாள்.

"என் கண்ணு! இங்க வா!"

வாண்டு ஓடி வந்தது. வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டது. உதடு மட்டும் பசை போட்டு ஒட்டின மாதிரி மூடியிருந்தது.

"எப்படி இருக்கே?"

தலையாட்டல்.

"அம்மாவை நெனச்சியா?"

பலமான தலையாட்டல்.

"அப்ப ஒரு முத்தம் கொடு."

மூடின உதட்டைக் கன்னத்தில் வைத்து எடுத்தது. நாத்தனார் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தாள். வாண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. கொண்டுவந்த படப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். யானை, ரயில், பலூன் எதற்கும் ஒரு சத்தம் வரவில்லை. போனில் மூச்சு விடாமல் பேசுகிற பெண் இது.

பல்லம்மா சமையலறையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் எழுந்து சமையலறைக்குள் வந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி டம்ளரை எடுத்தாள். குடிக்கவில்லை.

"அவ என்னை மறந்துட்டா அண்ணி."

"சே, என்ன பேச்சு இது?"

"பாத்தீங்கல்ல? சிரிக்கக்கூட மாட்டேங்கறா. யாரோ வீட்டுக்கு வந்த மனுஷிகிட்ட நிக்கற மாதிரி நிக்கறா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். இவ்வளவு நாள் விட்டுட்டுப் போனா குழந்தை என்ன பண்ணும்? அது இங்கயே பழகிடுச்சு. இங்கயே இருக்கட்டும்னுதான் தோணுது. நான் பேச வந்ததை இனிமே பேச வேண்டியதே இல்ல."

இங்கயே இருக்கட்டும்.

காலையிலிருந்து பல்லம்மா எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தாளோ, அந்த வார்த்தை தானாக வந்து விழுந்திருக்கிறது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் டீயை ஊற்றிக் கொடுத்தால் போதும். வாண்டு இன்னும் ஒரு வருஷம் இந்த வீட்டில் ஓடும். நம் பல்லம்மா தங்கமானவள்தான், இருந்தாலும் மனுஷிதானே. ஒரு கணம் அவள் கை டீ வடிகட்டியின் பக்கம் போகத்தான் போனது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கூடத்தில் வாண்டு புத்தகத்தில் யானையைப் பார்த்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது குழந்தை.

அதைப் பார்த்ததும் பல்லம்மாவுக்குத் தாங்கவில்லை.

"அவ உன்னை மறக்கல."

"சமாதானம் சொல்லாதீங்க அண்ணி."

"சமாதானம் இல்ல. நான்தான் வாயைத் திறக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

நாத்தனாருக்குப் புரியவில்லை. பல்லம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வகுப்பு, கோடு, சிரப், தன்னுடைய சட்டம், எல்லாம். உன் அண்ணன் சொல்லித்தான் மறைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"உன் குழந்தையை என்னை நம்பி விட்டுட்டுப் போனே. ஊருக்கெல்லாம் பல்லு பாக்கறவ, என் கையில இருந்த குழந்தையோட பல்லைக் கோட்டை விட்டுட்டேன். நீ என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா உன் பொண்ணு உன்னை மறந்துட்டான்னு மட்டும் நெனச்சுக்காத. தினமும் தலையணைக்கு அடியில உன் போட்டோவை வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறா."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். பல்லம்மா கூடத்தை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வாண்டு, இனிமே பேசலாம். காட்டலாம்."

மடை திறந்தது.

"அம்மா என் பல்லுல கோடு இருக்கு டாக்டர் பெயிண்ட் அடிச்சாங்க கசக்கவே இல்ல நான் அழவே இல்ல எதிர் வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சு ஒண்ணுக்கு வாலே இல்ல மாமா என்னை ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க நீயும் வரியா அம்மா உன் கை ஏன் நீலமா இருக்கு?"

நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள் என்றும் சொல்லலாம்.

"எனக்குக் காட்டுங்க அண்ணி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் பாக்கணும்."

சின்னக் குழந்தைகளின் வாயைப் பார்க்க மருத்துவமனையில் ஒரு முறை உண்டு. பெரியவர்கள் இரண்டு பேர் எதிரெதிராக, முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தையை இரண்டு மடியிலும் சேர்த்துப் படுக்க வைப்பார்கள். தலை பார்க்கிறவரின் மடியில், கால் அம்மாவின் இடுப்பைச் சுற்றி. பல்லம்மா அப்படித்தான் கட்டிலில் நாத்தனாரை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள். வாண்டு ஊஞ்சலில் படுக்கிற உற்சாகத்தோடு இரண்டு பேர் மேலும் சாய்ந்து, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது.

பல்லம்மா உதட்டைத் தூக்கினாள்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுவா? இவ்வளவு லேசாவா?"

"லேசா இருக்கும்போதே பாத்தாதான் உண்டு. இதுக்கு மேல போகாம நிறுத்திடலாம். பின்னாடி ஒண்ணுதான் அடைக்கணும்."

"படுக்கும்போது கொடுங்கன்னு சொல்லி அந்த பாட்டிலைக் கொடுத்தது நான்தானே அண்ணி. எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" உதட்டைத் தன் விரலால் மெதுவாக மூடிவிட்டாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"நான் எதுக்கு வந்தேன்னு தெரியுமா?"

பல்லம்மா மடியில் இருந்த தலையில் சிக்கு எடுக்கிறவள் போல முடியைக் கோதினாள்.

"இவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். சின்னதா ஒரு வீடு பாத்திருக்கேன். ராத்திரி ஷிஃப்ட்டைப் பகலுக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. கீழ் வீட்டுல, கூட வேலை பாக்கற அக்காவோட அம்மா இருக்காங்க, பகல்ல பாத்துப்பாங்க. இதை உங்ககிட்டயும் அண்ணன்கிட்டயும் எந்த வாயால கேக்கறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். இப்ப நீங்களே ஒரு காரணத்தைத் தூக்கி என் கையில கொடுத்துட்டீங்க. பல்லு கெட்டுப்போச்சு, அதனால கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாது" என்றாள் பல்லம்மா.

"சொல்ல மாட்டேன் அண்ணி. பல்லுக்காக இல்ல. இவ இல்லாம எனக்கு முடியல, அதுக்காகத்தான். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், எந்தக் குழந்தை படம் அச்சாகி வந்தாலும் நிறுத்திட்டுப் பாத்துட்டு நிப்பேன். சூப்பர்வைசர் திட்டுவாரு."

முழங்கால்கள் இடித்துக்கொண்டிருக்க இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, தன் பல்லை நாக்கால் தடவி ஆராய்ந்துகொண்டிருந்தது. பல்லம்மாவுக்குக் கோபப்பட ஓர் இடம் கிடைத்தால் தேவலை என்று இருந்தது. அப்படி ஓர் இடமும் கிடைக்கவில்லை. எதிரே இருப்பவளின் கண்ணில் அவள் பார்த்ததெல்லாம் தன்னுடைய ஆசையைத்தான்.

"அடுத்த வாரம் அந்தப் பல்லை அடைக்கணும்" என்றாள் கடைசியில். "அது வரைக்குமாவது..."

"அதை முடிச்சுட்டுத்தான் அண்ணி. நீங்க பக்கத்துல இல்லாம அந்த நாற்காலியில இவ ஏறுவாளா? லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். அண்ணன்கிட்ட மட்டும் நீங்கதான் சொல்லணும். என்னால முடியாது."

"என்னால மட்டும் முடியுமா?"

சாப்பாட்டுக்கு முன்பே சிரப்பைக் கொடுத்தாயிற்று. விமானம் வரவில்லை என்று வாண்டு கொஞ்சம் கோபித்துக்கொண்டது. சாப்பிட்டு முடித்ததும் பல்லம்மா பிரஷை எடுத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, அதை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"நீ தேய்ச்சு விடு. நான் சொல்லித் தரேன்."

நாத்தனார் அச்சு மெஷினையே ஓட்டுகிறவள். இந்த வாயோடு மல்லுக்கட்ட முடியவில்லை. பேஸ்ட் பாதி காதில் போனது.

"தாடையைப் பிடிச்சுக்கோ. அழுத்தாத, சின்னச் சின்ன வட்டமா போடு. ஈறுல படணும். படட்டும், வலிக்காது. இப்ப உதட்டைத் தூக்கு. அங்கதான் நான் விட்டேன், நீ விட்டுடாத." சொல்லச் சொல்லப் பல்லம்மாவின் குரல் வகுப்புக் குரலாக மாறிக்கொண்டே வந்தது. அப்படி மாறியதால்தான் அழாமல் சொல்லி முடித்தாள்.

"எட்டவே மாட்டேங்கறா அண்ணி, இடுப்பு உடையுது எனக்கு" என்று நாத்தனார் நிமிர்ந்தபோது வாசல் கதவு திறந்தது.

மாமா. சட்டையெல்லாம் மரத்தூள். பகல் முழுக்க வீட்டுப் பக்கமே வராமல், வேலை முடிந்ததும் ஒர்க் ஷாப்பில் போய் உட்கார்ந்துவிட்டவர். யாருடைய முகத்தையும் பார்க்காமல், கையில் இருந்ததைக் குளியலறை வாசலில் வைத்தார். புத்தம் புது முக்காலி. மேலே வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டியிருந்தது.

"வாஷ்பேசின் கண்ணாடி இவளுக்கு எட்டறதில்லல்ல? அதான். இதுல ஏறி நின்னா தன் பல்லைத் தானே பாத்துக்கலாம். நாமளும் நேருக்கு நேரா பாக்கலாம், எதுவும் ஒளிஞ்சுக்க முடியாது." பேசப் பேச அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காலைப் பாத்தியா? லிஃப்ட்டுல போடற திருகு. வளர வளர இறக்கிக்கலாம். இவ பெரிய ஸ்கூல் முடிக்கற வரைக்கும் தாங்கும்."

நாத்தனார் பிரஷைக் கழுவத் திரும்பிக்கொண்டாள். வாண்டு மட்டும் முக்காலி மேல் ஏறி, கண்ணாடியில் தன் உதட்டைத் தானே தூக்கிப் பார்த்து, திருப்தியாகிக் கேட்டது.

"நாளைக்குக் காலைல யாரு தேய்ச்சு விடுவா?"

"அம்மா" என்றாள் பல்லம்மா.

"அத்தை" என்றாள் நாத்தனார்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மாமா ஒருத்தி மாற்றி ஒருத்தியைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

"மருந்து விஷயத்தைச் சொல்லிட்டியா?" என்றார் மனைவியிடம், தாழ்ந்த குரலில்.

"சொல்லிட்டேங்க."

"திட்டினாளா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் அழுதிருக்கீங்க?" என்று கேட்டபடியே அவர் தரையில் உட்கார்ந்து, முக்காலியின் கால்களை வாண்டுவின் இன்றைய உயரத்துக்குச் சரியாகத் திருகத் தொடங்கினார்.